கீழ்க் கண்ணுக்குப் பொட்டு

காசு குறைவாகவும் ஆசை கூடுதலாகவும் உள்ளவன் மீடியம் ஃபார்மட் கேமரா இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. நான் மெத்தை தலையணையோடு போய்ப் படுத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் அப்பாக்கள் பயன்படுத்திய சாதாரண ஃபிலிமைவிட இதன் ஃபிலிம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். என் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். நெகடிவ் பெரிது என்பதால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மூக்குத்தியின் கல்கூடத் தெளிவாகத் தெரியும். இந்த ரகத்தில் உலகப் புகழ் பெற்ற கேமராக்கள் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டால் கடைக்காரர் முதலில் நம் செருப்பைப் பார்ப்பார், பிறகுதான் பதில் சொல்வார். குர்கானில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கரோல் பாக்கில் வாடகை வீடு, வீட்டில் அம்மா, மனைவி என்று இருக்கிற என்னைப் போன்றவன் அந்தப் பதிலைக் கேட்காமல் இருப்பதே மரியாதை.

ஆகவே மலிவான வழிகளில் இறங்கினேன். முதலில் வாங்கியது ஒரு மடக்குக் கேமரா. மூடினால் டிபன் டப்பா, திறந்தால் கறுப்புத் துருத்தி நீளும். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. எடுத்த படங்களில் எல்லாம் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் மடிப்புகளில் ஊசித்துளைகள் இருப்பது தெரிந்தது. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையை வாங்கிய பின் செய்வது என் பரம்பரைப் பழக்கம். என் மனைவியின் கறுப்பு நெயில் பாலிஷைப் பூசி அடைத்தேன். இரண்டு தடவை மடக்கியதும் அது உதிர்ந்துவிட்டது. நெயில் பாலிஷ் தீர்ந்துபோனதற்கு வீட்டில் விசாரணை நடந்தது.

அடுத்தது பிளாஸ்டிக் கேமரா. அதன் லென்ஸும் பிளாஸ்டிக். நடுவில் இருப்பது ஓரளவு தெரியும், ஓரத்தில் இருப்பதெல்லாம் டிசம்பர் மாத டில்லி மூடுபனி. இணையத்தில் இதைக் கலை என்கிறார்கள். என் மனைவி அதில் எடுத்த படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் நன்றாகப் பார்த்தாள்.

“இதுல உங்க அம்மாவும் நானும் ஒரே மாதிரி இருக்கோம்” என்றாள்.

“நல்லதுதானே?”

“யாருக்கு?”

கேமராவைப் பரணில் போட்டேன்.

மூன்றாவதாகத்தான் சாந்தினி சௌக் பக்கம், கேமராக் கடைகள் அடைந்து கிடக்கும் ஒரு சந்துக்குப் போனேன். அங்கே ஒரு கடைக்காரர், வாய் ஓயாதவர், ஒரு சீனத்து இரட்டை லென்ஸ் கேமராவை எடுத்து வைத்தார். சின்னப் பெட்டி. முகத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் ஃபிலிம் பார்ப்பதற்கு. கேமராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் மூடியைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பது போலத் தலை குனிந்து பார்க்க வேண்டும். அதில் தெரியும் உலகம் இடவலம் மாறியிருக்கும். ஒருவர் இடது பக்கம் விலகினால் நாம் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புவோம். பழகும்வரை குடித்தவன் நடை.

“பாய் சாப், மெட்ராஸ் கா மால் கபீ மத் லேனா” என்று கடைக்காரர் அறிவுரை சொன்னார், மெட்ராஸ் சரக்கை வாங்கவே கூடாதாம். கடற்கரை ஊர்களில் இருந்த கேமராக்களின் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்குமாம். டில்லியின் வறட்டுக் காற்றில் வளர்ந்த கேமராதான் சுத்தமாம். பிறகு எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ்தான் என்றேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

“ஆப் தோ அச்சே ஹை. ஹவா கராப் ஹை.”

அதாவது நான் நல்லவன், எங்கள் ஊர்க் காற்றுதான் கெட்டது. இந்தப் பதிலுக்காகவே அதை வாங்கினேன். மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஷட்டரில் ஒரே ஒரு வேகம்தான் நம்பும்படி வேலை செய்தது, மற்றவை எல்லாம் பெயருக்கு. ஒரே வேகம் என்றால் குழப்பமே இல்லையே என்று அதையும் அவர் ஒரு வசதியாகச் சொல்லி விற்றார். இதனால் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி லென்ஸின் துவாரத்தை மட்டும்தான் மாற்ற முடியும். வெயிலில் மிளகளவு சுருக்க வேண்டும். வீட்டுக்குள் முழுதாகத் திறந்துவிட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன், ஆனால் பயன் இல்லை.

அந்த வருஷம் கோடையில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். அவள் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகித்தான் டில்லிக்கு வந்து, இங்கே ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, அவளுடைய அம்மா, என் அத்தை, வாசல்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். படுத்த படுக்கை. மகளுக்குப் பிரசவம் பார்க்க வேண்டியவரை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. பிரசவம் டில்லியில்தான் என்று முடிவாயிற்று. வளைகாப்புக்குக்கூட அவரால் வர முடியாது.

அத்தைக்குத் தூக்கம் போயிற்று. தினமும் போன் செய்வார். தினமும் ஒரே கேள்விதான்.

“ஏட்டி, அங்கன உனக்குன்னு யாரு இருக்கா?”

“அத்தை இருக்காங்கம்மா” என்பாள் இவள், என் அம்மாவைச் சொல்லி.

“அத விடு. வேற யாரு இருக்கா?”

மாமியாரை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. என் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, ஸ்பீக்கரில் இதைக் கேட்பார். கீரைதான் பாவம்.

உண்மையைச் சொன்னால் என் மனைவிக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கு ஹிந்தி அரைகுறை. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி, பஞ்சாபி அம்மாள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, எப்போது நிறுத்துவது என்று வாரம் ஒரு சண்டை. அவர் பஞ்சாபியில் கத்துவார், இவள் திருநெல்வேலித் தமிழில் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் எதிராளி சொன்னது புரியாததால் பெரிய விரோதம் மூளவில்லை. இரவில் இவள் என்னிடம், “இந்த ஊர்ல எனக்கு ஒரு ஆள்கூட இல்லைங்க” என்பாள். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுப்பேன். என் அம்மாவுக்கு நேர்ந்த கதி நினைவுக்கு வரும். திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

வளைகாப்புக்கு முன்பு அத்தை என்னைப் போனில் கூப்பிட்டார். “மாப்ள, ஒரு போட்டோ எடுத்துக் காயிதத்துல போட்டு அனுப்புங்க. செல்லுல பாத்தா ஒன்னும் விளங்க மாட்டேங்கு. கையில வச்சுப் பாத்தாத்தான் என் மனசு ஆறும்.”

எனக்கு மார்பு விரிந்தது. இத்தனை நாள் வீட்டில் ஏளனத்துக்கு ஆளான என் கேமராவுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. என் மனைவி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “விளையாட்டு இல்லைங்க. அந்தப் படத்தைப் பாத்துட்டு எங்கம்மா நிம்மதியாத் தூங்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

மொட்டைமாடியில், காலை வெயிலில், பட்டுப்புடவையும் கை நிறைய வளையலுமாக அவளை நிற்கவைத்து ஒரு படம். பின்னால் வானம் மட்டும். அதுதான் அத்தைக்குப் போக வேண்டிய படம் என்று தீர்மானித்தேன். வீட்டுக்குள் சடங்கின்போது சில படங்கள், மீதிச் சுருள் மாடிக்கு. கேமராவை முதல் நாளே துடைத்து, கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, மறுநாள் காலையில் மூடியைக் கழற்றி அலமாரி மேல் தயாராக வைத்தேன். பிறகு நாற்காலி தூக்கப் போய்விட்டேன்.

எங்கள் கரோல் பாக் வீட்டு ஹாலுக்குள் இருபது பெண்கள் நிற்க முடியாது என்று நான் நினைத்திருந்தேன். நின்றார்கள். என் மனைவியின் ஆபீஸ் தோழிகள், தெருவில் உள்ளவர்கள், எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள். கூலர் ரயில் மாதிரி சத்தம் போட்டது. கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். ஆன்ட்டி தேங்காயும் முந்திரிப் பொட்டலமுமாக வந்து, யாரும் கேட்காமலே அதிகாரத்தைக் கையில் எடுத்தார். அவர்கள் பக்கமும் இதே மாதிரி ஒரு சடங்கு உண்டாம். ஒரு கண்ணாடி வளையல் என் மனைவியின் கையில் ஏறாமல் அடம்பிடித்தபோது, மற்றவர்கள் “மெதுவா, மெதுவா” என்று பதற, ஆன்ட்டி அவள் கையில் எண்ணெய் தடவி நொடியில் ஏற்றிவிட்டார்.

இருபது பேரும் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஒருவன்தான் குனிந்த தலை நிமிராமல், பால்கனிக் கதவு வெளிச்சத்தை நம்பி, லென்ஸை முழுதாகத் திறந்துவிட்டு, பெட்டிக்குள் பார்த்தபடி நகர்ந்தேன். இடவலம் மாறிய உலகத்தில் ஒரு பூச்சாடியை உதைத்தேன். திடீரென்று எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆன்ட்டி என் பக்கம் ஒரு கையை நீட்டி ஏதோ சொல்கிறார், கூலர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் போனை இறக்கிவிட்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். என் நடைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பழக்கப்பட்ட அவமானம்தானே. சட்டென்று விசையைத் தட்டினேன்.

பிறகு மாடி. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. துவாரத்தை மிளகளவு சுருக்கினேன். வானம், பட்டு, வளையல், சந்தனம் பூசிய கன்னம். கண்ணாடித் திரையில் அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். மீதி ஃபிலிம் முழுவதையும் அங்கேயே செலவழித்தேன். திருப்தியோடு லென்ஸ் மூடியைப் போடப் போனபோது விரலில் ஏதோ ஒட்டியது. சந்தனம். நடுவில் குங்குமம்.

கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். கீழ் லென்ஸின் நட்டநடுவில், கட்டைவிரல் அளவுக்கு, மங்களகரமாக ஒரு பொட்டு.

எங்கள் அம்மா புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். ஃபிரிஜ், வாஷிங் மெஷின், என் ஸ்கூட்டர், ஆயுத பூஜையன்று ஆபீஸ் லேப்டாப் எல்லாமே அவரிடம் பொட்டு வாங்கியவைதான். இருந்தும் எனக்கு வந்த கோபத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

“அம்மா, கேமராவுக்குப் பொட்டு வச்சியா?”

“பின்னே? சுபகாரியத்துக்கு வர்ற சாமான் மூளி நெத்தியோட வரலாமா?”

“லென்ஸ்லயா வைப்பாங்க? அதுவும் கீழ் லென்ஸ்ல?”

“நீ மேல் கண்ணாலதானேடா பாக்கிற? அதுல வச்சா உனக்கு மறைக்குமேன்னுதான், சும்மா இருக்கிற கண்ணுல வச்சேன். அச்சா, அச்சா, கத்தாதே. இலை போட்டாச்சு, ஜல்தி வா.”

அவ்வளவு யோசித்து, எனக்கு உதவியாகச் செய்திருக்கிறார். கேமராவின் முகத்தை ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், என்னைத் தவிர. பொட்டு வைத்துக்கொண்டு வளைகாப்புக்கு வந்த கேமராவைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு. நான் வேண்டுமென்றே வேடிக்கைக்காகச் செய்ததாக நினைத்திருக்கிறார்கள். உள்ளே போய் ஐந்து வகைச் சாதத்தையும் கோபத்தோடு சாப்பிட்டேன். தேங்காய்ச் சாதம் நன்றாக இருந்ததை மறுக்க முடியாது.

மாலையில் தோழிகள் எல்லோரும் போனில் எடுத்த படங்களை என் மனைவிக்கு அனுப்பினார்கள். அவள் ஒன்றுவிடாமல் ஊருக்கு அனுப்பினாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி அத்தையின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறாள். அத்தை கூப்பிட்டார்.

“எல்லாத்துலயும் நீ தனியாத்தானட்டி உக்காந்திருக்க.”

அப்போதுதான் நாங்களும் கவனித்தோம். உண்மைதான். இருபது பேரும் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் எந்தப் படத்திலும் வேறு முகமே இல்லை. நாற்காலியில் இவள் மட்டும், கை நிறைய வளையலோடு, யாருமற்றவள் மாதிரி. என் மனைவி போனை வைத்துவிட்டு அழுதாள். நான் மாடியில் எடுத்ததும் அதே தனிப் படம்தான், அதுவும் பொட்டின் வழியாக. அதை நான் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே ஃபிலிமைக் கழுவ உட்கார்ந்தேன். லேபில் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்று நானே குளியலறையில் செய்வது வழக்கம். டில்லிக் கோடையில் மாடித் தொட்டித் தண்ணீரில் முட்டை வேகும். ஃபிலிம் மருந்துக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். எங்கள் ஃபிரிஜில் ஐஸ் போதவில்லை. என் மனைவி தானாகவே கீழே போனாள். பேச்சே வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது, ஒரு பாத்திரம் நிறைய ஐஸோடு ஆன்ட்டியும் மேலே வந்துவிட்டார். குளியலறை வாசலில் என் அம்மா, மனைவி, ஆன்ட்டி என்று மூன்று பேர், பிரசவ அறைக்கு வெளியே நிற்பது போல நின்றார்கள்.

ஈரமான சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மாடியில் எடுத்தது அத்தனையும் வெற்றுக் கண்ணாடி. மிளகளவு துவாரத்தைப் பொட்டு முழுசாக மறைத்துவிட்டது. ஒரு கோடுகூட விழவில்லை. விரலை மெதுவாகச் சுருளின் முன்பகுதிக்கு நகர்த்தினேன். அங்கே உருவங்கள் இருந்தன. ஹாலில் லென்ஸ் முழுதாகத் திறந்திருந்ததால், நடுவில் இருந்த பொட்டைச் சுற்றிக்கொண்டு வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது.

அந்தச் சிரிப்புப் படத்தை லேபில் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். மூக்குத்தியின் கல் எல்லாம் தெரியவில்லை. சோற்றுப் பானையைத் திறக்கும்போது மூக்குக் கண்ணாடியில் ஆவி படியுமே, அந்த மாதிரி ஒரு மூட்டம் படம் முழுக்க இருந்தது. ஆனால் எல்லோரும் இருந்தார்கள். போனை இறக்கிவிட்டு, வாய் விட்டுச் சிரித்தபடி, என் மனைவியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தி அவள் மடியில் கையை ஊன்றியிருக்கிறாள். ஒருத்தி அவள் தலைமேல் முகவாயை வைத்திருக்கிறாள். என் அம்மா வாயைப் பொத்திக்கொள்ள மறந்து சிரிக்கிறார். எல்லோருக்கும் நடுவே, சந்தனக் கன்னத்தோடு, கண்ணை மூடிச் சிரிக்கிறாள் இவள்.

“பாத்தியா, என் பொட்டு வேலை செஞ்சிருக்கு” என்றார் அம்மா. அன்றைக்கு நான் மறுத்துப் பேசவில்லை.

படம் கூரியரில் திருநெல்வேலி போய்ச் சேர்ந்ததும் அத்தை கூப்பிட்டார். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது தெரிந்தது. ஒவ்வொரு முகமாக, இவ யாரு, இவ யாரு என்று கேட்டுக்கொண்டே போனார்.

“வாயெல்லாம் பல்லா நிக்கது உன் மாமியாளா?”

“ஆமாம்மா.”

“சிரிக்கத் தெரியும் போலிருக்கு.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு என்னைப் பார்த்தார்.

“அது சரி, உன் தோள்ல கையப் போட்டு இறுக்கிப் புடிச்சிருக்காளே, தாட்டியமா ஒருத்தி. அவ யாருட்டி?”

“ஹவுஸ் ஓனரும்மா.”

“மோட்டாருக்குச் சண்டை போடுதான்னு சொன்னியே, அவளா?”

“அவங்கதான்.”

போனில் காகிதம் சரசரத்தது, அத்தை படத்தைக் கண்ணருகே கொண்டுபோயிருக்க வேண்டும்.

“சண்டை போட்டா போடட்டும்” என்றார் அத்தை. “நான் எந்திரிச்சு நடந்து அங்கன வார வரைக்கும், அந்தக் கைய மட்டும் எடுத்திரப்படாதுன்னு அவகிட்ட சொல்லு.”

என் மனைவி போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கி, தனக்குத் தெரிந்த ஹிந்தியில் அதை ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.